கூடத்தில் ஓர் ஒத்திகை

“அந்த நாற்காலியில உட்கார உங்களுக்கு என்ன தகுதி இருக்கு?”

கூடத்தின் நடுவில் நின்று மருமகள் கேட்டாள். எதிரே அவள் கணவன் கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“போதாதும்மா,” என்றார் மாமனார். “இன்னும் கொஞ்சம் சூடா கேளு. ஆபீஸ்ல இவ்வளவு மரியாதையா கேக்க மாட்டாங்க.”

ஒத்திகைதான். நேர்முகத் தேர்வோ மேடைப் பேச்சோ, வெளியே போய்ச் செய்ய வேண்டிய எதையும் முதலில் கூடத்தில் செய்து பார்ப்பது அந்த வீட்டு வழக்கம். தடுமாறுவதானால் வீட்டுக்குள்ளேயே தடுமாறிவிட வேண்டும் என்பார் பெரியவர். முப்பத்திரண்டு வருடம் பள்ளி ஆய்வாளராக இருந்தவர். தன் வீட்டு ஆளைப் பற்றி வெளியார் ஒரு குறை சொல்லி அவர் கேட்டதில்லை.

இந்த முறை விஷயம் பெரியது. மகனும் மருமகளும் ஒரே டிசைன் அலுவலகத்தில் வேலை பார்த்தார்கள். ஒரு கண் மருத்துவமனைக்கு வாசல் முதல் மூன்றாம் மாடி வரை வழிகாட்டிப் பலகைகள் வடிவமைக்கும் ப்ராஜெக்டுக்கு மகனைப் பொறுப்பாளராகப் போட்டிருந்தார்கள். பதினொரு பேரை வைத்து நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும். அவனோ இதுவரை ஒருவரைக்கூட வேலை வாங்கியதில்லை. நாளைக் காலை முதல் கூட்டம்.

பத்து நாளாக அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தடித்தடியாகப் புத்தகங்கள் வாங்கிப் படித்தான். சுவர் நீளத்துக்குக் காகிதம் ஒட்டி, யார் எதை எந்த நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று கட்டம் போட்டான். வரையும் வேலைக்கான கட்டங்களில் எல்லாம் மனைவியின் பெயரை எழுதினான். அந்த ஒன்றில் மட்டும் அவனுக்குக் கவலை இல்லை. மற்றதைப் பார்க்கப் பார்க்க வியர்த்தது. இவன் அங்கே போய் விழித்தால் தலைகுனிவு தனக்குத்தான் என்று பெரியவரே களத்தில் இறங்கினார்.

காலையிலேயே ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் வேஷமும் கேள்விகளும் எழுதிக் கொடுத்திருந்தார். மகளுக்குத் தலைமை டாக்டர் வேஷம். அவள் அப்பாவின் கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, எல்லாப் பலகையும் ரோஸ் நிறத்தில்தான் வேண்டும், அதுவும் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று அடம்பிடித்தாள். மகன் நாள் கணக்குச் சொல்லி ஒருவழியாகச் சமாளித்தான்.

“பரவாயில்லையே, அண்ணனுக்கு வாய் இருக்கு” என்று டாக்டர் பாராட்டினாள்.

மருமகளுக்கு வந்தது, பொறுப்பு தனக்குத்தான் என்று காத்திருந்து ஏமாந்துபோன மூத்த ஊழியர் வேஷம். எந்த அலுவலகத்திலும் அப்படி ஒருவர் இருப்பார், அவரைச் சமாளித்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம் என்று பெரியவர் சொல்லியிருந்தார். அவளுடைய சீட்டு மடித்தது மடித்தபடி ஜன்னல் விளிம்பில் கிடந்தது. அதற்குள் மனப்பாடம் செய்துவிட்டாள் போலிருக்கிறது என்று அவர் எண்ணிக்கொண்டார்.

சூடாகக் கேட்கச் சொன்னதும் அவள் ஓர் அடி முன்னால் வந்தாள்.

“கண்ணாடியில மெழுகைத் தடவி மாட்டிக்கிட்டு அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுல மூணு நாள் சுவரைப் பிடிச்சு நடந்தது யாரு? மங்கலாத் தெரியறவங்களுக்கு எந்த எழுத்து எத்தனை அடியில படிக்க வரும்னு ஒவ்வொண்ணா அளந்தது யாரு?”

மகன் சுவரில் இருந்த கட்டங்களைப் பார்த்தான்.

“வரைஞ்சது நான். நான் லீவுல இருந்த அன்னைக்கு அதை எம்.டி. முன்னாடி விரிச்சு, எல்லாம் என் யோசனைன்னு சொன்னது நீங்க.”

அவள் குரல் உயரவே இல்லை. நாத்தனார் கைதட்டி, அண்ணி நாடகத்துக்குப் போயிருக்க வேண்டியவர் என்றாள்.

தான் எழுதியது மூன்றே கேள்விகள். மெழுகும் வராந்தாவும் அதில் இல்லை என்பது பெரியவருக்கு நினைவு வந்தது. சொந்தமாகச் சேர்த்துப் பேசுகிறாள், கெட்டிக்காரி என்று அந்த நினைவை ஒதுக்கித் தள்ளினார். தன் வீட்டில் அது வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

மகனின் சட்டைக் காலர் நனைந்திருந்தது. மனைவியின் முகத்தை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“என்னடா முழிக்கிறே?” என்று பெரியவர் அதட்டினார். “நாளைக்கு ஆபீஸ்ல அத்தனை பேர் நடுவுல ஒருத்தர் எழுந்து இப்படிக் கேட்டா என்ன சொல்லுவே? அதுக்குப் பதிலைத் தயார் பண்ணு முதல்ல.”

மருமகள் மாமனாரின் பக்கம் திரும்பினாள்.

“யாரும் கேக்க மாட்டாங்க, மாமா. நான் நேத்தே வேலையை விட்டுட்டேன்.”