இடது கண்

"என் மூக்கு இங்க இருக்கு. அதுக்கு நேரா விரலை நீட்டு. ரெண்டு கண்ணும் திறந்தே இருக்கணும்" என்றாள் வாண்டா.

ஹாலிஸுக்குக் கூச்சமாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில், ஒரு கடைக்காரியின் மூக்கைக் குறிபார்க்கவா அவன் மலையிறங்கி வந்தான்? வந்தது துப்பாக்கி வாங்க. அணில் சுடும் ரவைத் துப்பாக்கி. அவனுக்கு இதுதான் முதல் துப்பாக்கி.

கெண்டக்கி மலைப்பக்கத்தில் இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அங்கே பையன்களுக்கு மீசை வருவதற்கு முன்பே துப்பாக்கி வந்துவிடும்.

நாளை விடிந்தால் அணில் வேட்டைப் பருவம். வாங்குகிறவர்கள் எல்லாம் முன்பே வாங்கிப் போய்விட்டார்கள். கடையில் வாண்டாவும் தூண்டில் புழு டப்பாக்களும் ஆறிப்போன காப்பியும்தான் இருந்தன.

பெரிய குழல் வைத்த பன்னிரண்டு கேஜ் துப்பாக்கியை அவன் தொட்டதுமே அவள் தடுத்துவிட்டாள். "அணிலுக்கு இதுவா? சட்டியில போட வாலுகூட மிஞ்சாது." அதைவிடக் குழல் சிறுத்த இருபது கேஜைக் கையில் கொடுத்தாள். கனமில்லை. தோளில் பதிந்தது. ஆனால் அவன் அதைத் தூக்கிக் குறிபார்த்த விதத்தில் எதையோ கவனித்துவிட்டு, இப்போது மூக்கைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அப்பா வசந்தத்தில் இறந்துபோனார். அவருடைய இரண்டு துப்பாக்கிகளும் அண்ணன்களுக்குப் போயின. இருவரும் ஓஹையோவில் இருக்கிறார்கள், ஊர்ப்பக்கம் வருவதில்லை. ஹாலிஸுக்கு வந்தது வேட்டைக் கோட்டு. அதைத்தான் போட்டிருந்தான். உள்பையில் அப்பாவின் மூக்குக்கண்ணாடியும் அப்படியே இருந்தது.

இடது சில்லில் நகமளவு டேப் ஒட்டிய கண்ணாடி. கீறல் விழுந்ததை மாற்றக் கஞ்சத்தனம் என்று வீடே கேலி பேசும். "புதுசு வாங்கினா குடியா முழுகிடும்?" என்பார்கள் அண்ணன்கள். அப்பா காதில் வாங்கிக்கொள்ள மாட்டார்.

நாளை அப்பா உட்காரும் ஹிக்கரி மரத்தடியில் ஹாலிஸ் உட்கார வேண்டும். ஒரே ஒரு அணில் விழ வேண்டும். யாரும் பார்க்கப் போவதில்லை, வீட்டுக்கு வந்து சொல்லவும் ஆளில்லை. இருந்தாலும் விழ வேண்டும்.

ஏனென்றால் பத்து வயதில் அதே மரத்தில் மூன்று முறை சுட்டான். மூன்றும் தவறின. மூன்று முறையும் அணிலுக்கு இடது பக்கத்தில்தான் மரப்பட்டை பிய்ந்தது.

அப்பா எழுந்து போய்ப் பிய்ந்த இடத்தில் விரல் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் அங்கேயே நின்றார். பிறகு வந்து, அவன் முகத்தைப் பார்க்காமல் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார்.

"உனக்கு இது வராதுடா. வீட்ல இரு."

அதன் பிறகு அண்ணன்கள் வேட்டைக்குப் போனார்கள், அவன் வீட்டில் இருந்தான். அவர்கள் கொண்டுவந்த அணிலைப் பொரித்ததும் அப்பா முதலில் பின்னங்காலை எடுத்து அவன் தட்டில் வைப்பார். சுடத் தெரியாத பிள்ளைக்குப் போடும் பிச்சை என்று அவன் கூசிப்போவான். சாப்பிட்டுக்கொண்டே கூசுவான்.

ஹாலிஸ் விரலை நீட்டினான்.

வாண்டா ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு கடகடவென்று சிரித்தாள். "நெனச்சேன். விரல் உன் இடது கண்ணுக்கு நேரா வந்து நிக்குது. நீ வலது தோள்ல வெச்சு சுடுற ஆளு, உன் பார்வை இடது கண்ணுல இருக்கு. ரவை பூரா இடது பக்கமாத்தான்டா போகும்."

"அப்ப என் கை?"

"கைக்கு என்ன? கை நல்லாத்தான் இருக்கு. எத்தனையோ பேருக்கு இருக்கு இது, வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுத் திரியறானுங்க. ஒரு கண்ணாடிய மாட்டி, இடது பக்கம் நகமளவு டேப்பை ஒட்டிக்கோ. அந்தக் கண்ணு வம்புக்கு வராது."

ஹாலிஸ் துப்பாக்கியை மேஜைமேல் வைத்தான்.

உள்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தான்.

"அட, தயாராத்தான் வந்திருக்கியா?" என்றாள் வாண்டா.

டேப் காய்ந்து கெட்டியாகியிருந்தது. நகத்தால் சுரண்டச் சுரண்டத் துணுக்குத் துணுக்காக வந்தது. சட்டை நுனியால் துடைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.

கீறல் இல்லை. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் இல்லை.

அந்த மனிதர் சாகும்வரை கஞ்சன் என்ற பேரைச் சுமந்திருக்கிறார். தன் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை விடவில்லை. பையனுக்கும் அதே கண்தான் என்று மரப்பட்டையில் விரல் வைத்த அன்றே அவருக்குத் தெரிந்திருக்கும். அன்று அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால், இத்தனை வருடமும் ஹிக்கரி மரத்தடியில் அவருக்குப் பக்கத்தில் இவனும் உட்கார்ந்திருப்பான்.

அழுகை வந்தது. கோபமும் வந்தது. அப்பா தட்டில் வைத்த அந்தப் பின்னங்கால்தான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது.

பிய்ந்த துணுக்குகளை மறுபடி ஒட்டிப் பார்த்தான். பசை செத்துப்போயிருந்தது, நிற்கவில்லை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு முகத்தை அவள் பக்கம் நீட்டினான்.

"நீங்களே ஒட்டி விடுங்கக்கா."