வெந்தயத்துக்கு அடியில்

கான்சாபுரத்திலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டேன். என் அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு வயர் புறப்பட்டு டி.வி.க்குப் போய்க்கொண்டிருந்தது.

பெட்டியின் மூடியில் சிவப்பாக ஒரு ஜாய்ஸ்டிக், ஆறு பட்டன்கள். அதற்கு முன்னால் யாரோ ஒரு அக்கா உட்கார்ந்து தட்டு தட்டென்று தட்டிக்கொண்டிருந்தார். டி.வி.யில் ஒரு குட்டி விமானம் சுட்டுக்கொண்டே மேலே போனது.



என் வீட்டுக்காரர் பாலகணேஷுக்கு இதுதான் தொழில். அந்தக் காலத்து வீடியோ கேம்களையெல்லாம் உள்ளங்கை அகலப் போர்டில் ஏற்றி, அதற்கு ஒரு பெட்டி செய்து விற்பார். போர்டு எங்கேயும் கிடைக்கும், பெட்டிக்குத்தான் இவரைத் தேடி ஆள் வருகிறது. அதனால் இவர் கண்ணில் பட்ட பெட்டி எதுவும் தப்பாது. பழைய ரேடியோ போனது. என் தையல் பெட்டி போனது. சீராக வந்த டிபன் கேரியர்கூடப் போனது. சமையல்கட்டுக்குள் மட்டும் கை நீளாது என்று நம்பி நான்கு நாள் அம்மா வீட்டுக்குப் போனேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

அந்த மரப்பெட்டியில் வெந்தயம் போடுகிற அறைக்கு அடிப்பலகை லேசாக ஆடும். தூக்கினால் ஒரு விரல் ஆழத்துக்கு இடம் இருக்கும். அங்கேதான் என் கல் தோட்டை வைத்திருந்தேன்.

ஊரைப் பொறுத்தவரை அந்தத் தோடு தொலைந்து இரண்டு வருஷம் ஆகிறது.

பெட்டிகளைப் பிளாஸ்டிக்கில் வார்த்துத் தரும் த்ரீடி பிரிண்டர் ஒன்று வாங்க, அந்தத் தோட்டை அடகு வைக்கக் கேட்டார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வாரம் அய்யனார் கோவில் அருவிக்குக் குளிக்கப் போனபோது, தோட்டைக் கழற்றித் துண்டில் முடிந்து வைத்தேன், துண்டோடு அருவி இழுத்துக்கொண்டது என்று சொல்லிவிட்டேன்.

பாவி மனுஷன், பொழுது சாயும்வரை பாறை பாறையாகத் தடவினார். வழுக்கி விழுந்து முழங்காலில் நான்கு தையல். அதோடு பிரிண்டர் பேச்சையே விட்டுவிட்டு, கையில் கிடைத்த மரத்தை அறுக்க ஆரம்பித்தார்.

"வா செல்வி. இவிய செல்லத்தாய் அக்கா, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுல வேலை பாக்காக," என்றார் இவர். "நாலரை பஸ்ஸுக்குப் போகணுமாம்."

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பெட்டி சூடாகச் சூடாகச் சீரக வாசம் வருது பாரு தங்கச்சி. இதுக்காகவே வாங்கிட்டுப் போறேன்."

வெந்தயத்தைக் கொட்டியவர் பலகையைத் தூக்கிப் பார்த்தாரா, இல்லையா? பார்க்கவில்லை என்றால் நாலரை பஸ்ஸில் என் தோடும் ஏறிவிடும். வாய் திறந்து கேட்டால் இரண்டு வருஷப் பொய் இந்த அக்காவுக்கு முன்னாலேயே வெளியே வந்துவிடும்.

"உள்ள சீரகம் ஒட்டியிருந்தா எறும்பு வந்துரும். ஒருதடவ கழட்டித் தொடச்சுக் குடுத்துருங்களேன்," என்றேன்.

இவர் மறுபேச்சு பேசாமல் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். ஆட்டம் அணைந்தது. நான்கு ஸ்க்ரூவைக் கழற்றுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

உள்ளே தடுப்புகள் இல்லை. பச்சைப் போர்டு, சின்னதாக ஒரு ஃபேன், வயர்கள். வெந்தய மூலையில் அடிப்பலகையும் இல்லை. அங்கே வட்டமாக அறுத்து ஸ்பீக்கர் வைத்திருந்தார். தூசி போகாமலிருக்க அதன்மேல் ஒரு துண்டு பேண்டேஜ் துணியை இழுத்து ஒட்டியிருந்தார். துணியின் ஓரத்தில் நீல நூல்.

நான் வேலை பார்ப்பது பேண்டேஜ் கம்பெனியில். நீல நூல் ஓடிய அந்தத் துண்டைக் கழிவிலிருந்து எடுத்து வந்து, அதில்தான் தோட்டைச் சுற்றி வைத்திருந்தேன்.

அப்படியென்றால் இவருக்குத் தெரியும்.

எனக்கு நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. இவர் பிரஷ்ஷால் மூலைகளைத் துடைத்தபடியே, "டீ போடேன் செல்வி. புது அஞ்சறைப் பெட்டி அடுப்புக்குப் பக்கத்துல இருக்கு," என்றார்.

வெறும் டீக்கு அஞ்சறைப் பெட்டி எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் திறந்தேன். எவர்சில்வர் பெட்டி. கடுகு, மிளகு, சீரகம் என்று கிண்ணம் கிண்ணமாக அவரே நிரப்பியிருந்தார். உளுந்து இருக்க வேண்டிய கிண்ணத்தில் பாசிப்பருப்பைக் கொட்டி வைத்திருந்தார். வெந்தயக் கிண்ணத்தைத் தூக்கினேன். அடியில் வேறொரு துணியில் சின்ன முடிச்சு.

இரண்டும் இருந்தன. திருகாணிகூடத் தொலையவில்லை.

அடகுக் கடை எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது. இந்த நான்கு நாளும் திறந்துதான் இருந்திருக்கும்.

அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். பால் பொங்குகிற சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். நெஞ்சு லேசாகியிருந்தது, வெட்கமாகவும் இருந்தது. கவரிங் தோட்டைக் கழற்றிவிட்டுக் கல் தோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

டம்ளரை வாங்கும்போது செல்லத்தாய் அக்கா என் காதையே பார்த்தார். "செத்த முன்னால காதுல இது இல்லையே தங்கச்சி?"



இவர் தலையை நிமிர்த்தவில்லை. கடைசி ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டே சொன்னார்.

"அது அருவியில தொலஞ்ச தோடு, அக்கா. இப்பத்தான் கெடச்சுது."