சுவர் தாண்டிய வயர்

கம்பி வெட்டும் குறடு நக்லேயின் கையில் இருந்தது. அவர் நிலவறைச் சன்னலில் தொடங்கிய கறுப்பு வயர், அத்திமரக் கிளையில் ஒரு சுற்றுச் சுற்றி, சுவரைத் தாண்டித் தம்பி ஷஃபீக்கின் ஒயின் ஆலைக்குள் போயிருந்தது.

"திருட்டுக் கரன்ட்!" என்று கத்தினார். கத்தியதில் வயிற்றுத் தையல் சுரீரென்றது.

பித்தப்பையை எடுத்துவிட்டு ஸாஹ்லே நகர மருத்துவமனையில் ஆறு நாள் கிடந்தவர். இன்னும் இரண்டு நாள் இருக்கச் சொன்ன டாக்டரிடம், "அங்க என் திராட்சைச் சாறு நுரைச்சுக்கிட்டு இருக்கு, நான் இங்க படுத்துக் கிடக்கவா?" என்று கேட்டு, யாரிடமும் சொல்லாமல் டாக்ஸி பிடித்து வந்துவிட்டார். வீட்டில் மனைவி ரம்ஸா இல்லை. வயர்தான் இருந்தது.

அறுவடை மாதம். அரசாங்கக் கரன்ட் நாளுக்கு இரண்டு மணி நேரம் வந்தாலே அதிசயம்; மீதி நேரம் அவரவர் ஜெனரேட்டர்தான். சாறு நுரைக்கும் இந்தப் பத்து நாளும் தொட்டிகளைக் குளிரவைக்கும் இயந்திரம் நிற்கவே கூடாது. நின்றால் சூடேறி, ஒரு வருஷப் பாடும் காடியாகிவிடும்.

அப்பா காலத்தில் ஒரே ஆலைதான். அவர் பெயரை யார் பாட்டிலில் ஒட்டுவது என்று சண்டை வந்து, நடுவில் சுவர் எழுந்து நாலு வருஷமாகிறது. "இனி அவன் வீட்டுத் தண்ணிகூட என் தொண்டையில இறங்காது" என்று நக்லே மாதா கோயில் வாசலில் சொன்னது ஊருக்கே தெரியும்.

இப்போது கோபத்தைவிட அவமானம்தான் அவரைத் தின்றது. கூடை இறக்கிக்கொண்டிருந்த அறுவடைப் பெண்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நம் குடும்பத்தில் ஒரு திருடன்! நினைக்கும்போதே காது மடல் சுட்டது.

சத்தம் கேட்டு ஷஃபீக் சுவரோரம் வந்தான். கையெல்லாம் திராட்சைக் கறை. பின்னால் எங்கோ அவன் ஜெனரேட்டர் மூச்சுமுட்ட உறுமிக்கொண்டிருந்தது.

"எப்ப வந்தீங்கண்ணே? உடம்பு..."

"உடம்பை விடு. இது என்னடா?"

ஷஃபீக் வயரைப் பார்த்தான். கறைக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"உன் ஜெனரேட்டர்தான் ஓடுதே! அப்புறம் எதுக்குடா என் வீட்டுல கை வைக்கிற? நான் திரும்பி வரமாட்டேன்னு நெனச்சியா?"

"வாயைக் கழுவுங்கண்ணே. பித்தப்பைக்கெல்லாம் யாரும் போயிட மாட்டாங்க."

"பேச்சை மாத்தாதே! அடுத்தவன் கொடி சுவர் தாண்டி வந்தாக்கூட அப்பா ஒரு பழம் கிள்ள மாட்டாரு. அவருக்குப் பொறந்தவனாடா நீ?"

அறுவடைக்காரி ஹத்லா கூடையைக் கீழே வைத்தாள். "அபு நதீம், அது வந்து..." என்று இழுத்தாள். மூத்த மகன் நதீமின் பெயரை வைத்து ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். ஷஃபீக் அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தான். அவள் மறுபடி கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

குறடு வயரைக் கவ்வியது.

"அண்ணே!" ஷஃபீக் பாதிச் சுவர் ஏறிவிட்டான். "வெட்டாதீங்க. இன்னும் ரெண்டே நாள். நுரை அடங்கட்டும், நானே சுருட்டி எடுத்துடறேன். உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

ஐம்பது வயது மனிதன், கூலிக்கு வந்தவர்கள் முன்னால் இப்படிக் கெஞ்சுகிறான். நக்லேவுக்குப் பார்க்கவே கூசியது.

அன்று காலை மருத்துவமனைப் படுக்கையில் சொன்ன ஜெபம் நினைவுக்கு வந்தது. அதில் மன்னிப்பைப் பற்றிய வரி வந்தால் மட்டும் அவர் கொஞ்சம் வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவார். இன்று அது அவரைக் கடக்க விடவில்லை. குறடு தாழ்ந்தது.

"சரி, எடுத்துக்கோ. உன் சாறு கெட்டு எனக்கு என்ன ஆகப்போகுது? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேன். போ, மன்னிச்சுட்டேன்."

"நன்றிண்ணே." ஷஃபீக் தலை நிமிரவில்லை. "வெயில்ல நிக்காதீங்க. தையல் விட்டுடப்போகுது."

நக்லே நிலவறைக்குள் இறங்கித் தொட்டியைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிறைவோடு கர்த்தருக்கு நன்றி சொன்னார்.

அவர் மேலே வரும்போது ரம்ஸா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"சூப் எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா, கட்டில் காலி! என் உயிரே போயிடுச்சு. இப்படியா சொல்லாம வருவாங்க?"

"நான் வந்ததுதான் நல்லதாப் போச்சு. உன் கொழுந்தனைக் கையும் களவுமாப் பிடிச்சேன்." நக்லே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எல்லார் முன்னாலயும் மானத்தை வாங்கிட்டான். ஆனாலும் மன்னிச்சுட்டேன். ரெண்டு நாளைக்கு நம்ம கரன்ட்டை எடுத்துக்கட்டும்."

ரம்ஸா வயரைப் பார்த்தாள். பிறகு கணவர் கையில் குறடு இருப்பதைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறியது.

"எல்லார் முன்னாலயுமா சொன்னீங்க? அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்வான்? தலையைக் குனிஞ்சுக்கிட்டு நன்றி சொன்னான்."

ரம்ஸா முந்தானை போல் தோளில் கிடந்த சால்வையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நம்ம ஜெனரேட்டர் எரிஞ்சுபோயி அஞ்சு நாளாச்சு, அபு நதீம். அது உங்க தம்பி நமக்குக் கொடுக்கிற கரன்ட்."