நெற்றிக்கண் டாக்டர்

"ஐயோ, கசக்காதீங்க! கசக்கினா இன்னும் மேல ஏறிக்கும்!"

மனைவி சொல்லி முடிப்பதற்குள் டிரைவர் கசக்கிவிட்டார். இடது கண்ணின் கான்டாக்ட் லென்ஸ் ஏற்கெனவே நழுவி மேல் இமைக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தது. கசக்கிய வேகத்தில் வலது கண் லென்ஸும் கழன்று, எங்கே விழுந்ததென்றே தெரியாமல் போய்விட்டது.

"கீழ பாருங்க... இப்ப மேல... ஐயே, என்னை எதுக்கு முறைக்கறீங்க?"

"முறைக்கலைம்மா. நீ எங்க இருக்கேன்னு தேடறேன்."

பஸ் டிப்போவில், டாக்டர் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்தது. லென்ஸ் போட்டால் டிரைவருக்குக் கழுகுப் பார்வை. போடாவிட்டால் எதிரே வருவது லாரியா மாமியாரா என்று தெரியாது. வருடாந்தரக் கண் பரிசோதனைக்கு இன்றுதான் கடைசி நாள். தேறாவிட்டால் ஸ்டியரிங்கை மறந்துவிட்டு டிப்போவில் பஸ் கழுவ வேண்டியதுதான். இருபது வருடம் ஓட்டிய மனிதருக்கு அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"பேசாம உள்ள போய் உண்மையைச் சொல்லிடுங்களேன்."

"யார்கிட்ட? நெற்றிக்கண்கிட்டயா? போன மாசம் ஒருத்தர் சொல்லிப் பார்த்தார். 'லென்ஸையே காப்பாத்தத் தெரியாதவர் பயணிகளை எப்படிங்க காப்பாத்துவீங்க'ன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிட்டார்."

டாக்டருக்கு டிரைவர்கள் வைத்த பட்டப்பெயர் அது. குற்றம் கண்டுபிடிக்காமல் அவர் ஒருவரையும் வெளியே விட்டதில்லை.

"அப்ப என்னதான் பண்ணப்போறீங்க?"

"அந்த எழுத்து அட்டையைப் பத்து வருஷமா மாத்தலை. கேன்டீன்ல டம்ளர் கழுவறவருக்கே மனப்பாடம். எனக்குத் தெரியாதா?"

"முதல் ஆள் வரலாம்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

டிரைவர் கதவைத் தடவிக்கொண்டு உள்ளே போனார். புதுப் பெயின்ட் நெடி மூக்கைத் துளைத்தது. கண்ணில் பட்ட வெள்ளைக் கோட்டுக்குப் பணிவாக ஒரு வணக்கம் வைத்தார். பதில் வணக்கம் வேறு மூலையிலிருந்து வந்தது. ஆரம்பமே சரியில்லையே என்று நினைத்தபடி குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"ஒரு கண்ணை மூடிக்கிட்டு, சுவரைப் பார்த்துப் படிங்க."

எதிரே எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரிந்தது. டிரைவர் தெய்வத்தின்மேல் பாரத்தைப் போட்டு ஆரம்பித்தார்.

"எச்... டி, என்... கே, ஓ, இஸட்..."

"ம்... சரி... ம்..."

கடைசி வரி வரை தண்ணீர் பட்ட பாடாக ஒப்பித்தார். இன்னொரு கண்ணுக்கும் அதே பாராயணம். குற்றம் எதுவும் வராததில் டிரைவருக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

"கீழ் மூலையில பொடி எழுத்துல அச்சகத்தோட பேர் இருக்கே, அதையும் படிக்கவா சார்?"

"வேண்டாம், வேண்டாம்! இந்த டிப்போவுலயே உங்களை மாதிரி ஒரு கண்ணு கிடையாது. கையெழுத்து எங்க போடணும்னு விரல் வெச்சுக் காட்டுங்க."

டிரைவர் குத்துமதிப்பாக ஓரிடத்தில் விரலை வைத்தார். பேனா அவர் நகத்தையும் ஒரு கீறு கீறிவிட்டுப் போனது. நெற்றிக்கண்ணுக்கு எதிலும் அவசரம்தான்.

வெளியே வந்ததும் சந்தோஷத்தில் கண் கலங்கியது. கலங்கிய கண்ணை நாலு தரம் சிமிட்டினார். இமைக்குள் ஒளிந்திருந்த லென்ஸ் சமர்த்தாக இறங்கி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

"வந்திருச்சும்மா! இப்ப நீ முறைக்கறதுகூடப் பளிச்சுனு தெரியுது!"

"டிரைவர், ஒரு நிமிஷம் உள்ள வாங்க!"

அது டாக்டரின் குரல். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்து, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

டாக்டர் குரலைத் தணித்துக்கொண்டார். "வெளியில யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. காலையில ரூமுக்குள்ள வந்ததும் பெயின்ட் நெடியில கண்ணைக் கசக்கிட்டேன். என் ரெண்டு லென்ஸும் மேசைக்கு அடியில எங்கயோ விழுந்திருச்சு. உங்களுக்குத்தான் கழுகுக் கண்ணாச்சே, கொஞ்சம் தேடிக் குடுங்களேன்."

டிரைவர் குனிந்து பார்த்தார். இரண்டு லென்ஸும் அங்கேதான் பளபளத்துக்கொண்டு கிடந்தன, சுவருக்குப் பெயின்ட் அடிப்பதற்காக நேற்றே கழற்றி வைத்திருந்த எழுத்து அட்டையின்மேல்.