சின்னக் கண்ணி வலை

"ஒரே ஒரு வீச்சுண்ணே. அந்தச் சின்னக் கண்ணி வலையில."

குருசாமிக்குப் பொறுமை போய்விட்டது. விடிந்தும் விடியாமல் அணைக்கரையில் வந்து நின்றுவிடுகிறாள் இந்த எஸ்டேட்டுக்காரி. பேர் சுருளியம்மாளாம், மேலே லயத்தில் குடியிருக்கிறாளாம். கையில் ஒரு சட்டிகூட இல்லை, மீன்குஞ்சுக்கு மட்டும் ஆலாய்ப் பறக்கிறாள்.

"இந்தாம்மா, அதுல வீசினா குஞ்சு குளுவானெல்லாம் மாட்டிச் சாகும். சங்கத்துல பாத்தா லைசென்சைப் புடுங்கிருவாங்க. வைகையில பொழப்பில்லாம இந்தப் புரட்டாசியிலதான் இங்க வந்திருக்கேன். அதுல மண்ணைப் போட்டுறாத."

பெரிய கண்ணி வலையில் விழுந்திருந்த கட்லா ஒன்றை எடுத்து நீட்டினான். "கொழம்புக்கு இது போதும், போ."

அவள் அதைத் தொடவில்லை. ஓடை வந்து அணையில் விழும் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடி வெள்ளத்தில் அங்கிருந்த மரப்பாலம் அடித்துக்கொண்டு போயிருந்தது. இப்போது தண்ணீர் பரம சாதுவாகக் கிடந்தது.

"அந்த எடத்துலதாண்ணே போடணும். எஸ்டேட் பெரட்டுல வேலைக்குப் பேர் குடுக்கப் போகணும், நாழியாச்சு..." கைகூப்பினாள்.

பிடிவாதக்காரி! ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது குருசாமிக்கு என்னவோ செய்தது. சுற்றுமுற்றும் பார்த்தான். பரிசலுக்கடியில் சுருட்டி வைத்திருந்த பழைய வலையை எடுத்துக்கொண்டு ஓடை முகத்துக்கு நடந்தான்.

வீசி, அடிமண்ணோடு அரித்து இழுத்தான். சேறும் சருகும் வந்தன. நடுவே விரல் நீளக் குஞ்சுகள் கொத்துக் கொத்தாகத் துள்ளின. சங்கம் போன மாதம்தான் விட்ட குஞ்சுகள். அவனுக்கு வயிறெரிந்தது.

சுருளியம்மாள் மண்டியிட்டாள். சேற்றைப் பிடி பிடியாக எடுத்துப் பிசைந்து பார்த்தாள். சருகைக்கூட ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பிறகு ஒரு குஞ்சையும் எடுக்காமல் எல்லாவற்றையும் வாரித் தண்ணீரிலேயே விட்டுவிட்டாள்.

குருசாமிக்கு வந்ததே கோபம். "கிறுக்கா புடிச்சிருக்கு உனக்கு? திங்கிறதுக்கில்லேன்னா எதுக்கு என்னை இந்தப் பாவத்தைப் பண்ண வச்ச?"

அவள் தன் வெறுங்கையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஓடையோட போன எம்மக கால்ல கொலுசு கெடந்துச்சு... அது பெரிய கண்ணியில நிக்காதுண்ணே."