பிரித்தெடுத்த கன்று

"பார்த்தும்மா, பெரிய செடியில வெட்டு விழுந்துடப் போகுது" என்றாள் மகள்.

"எனக்குத் தெரியும்டி." வாசலில் இருந்த சைக்கஸ் செடியின் அடிமண்ணைக் கிளறி, ஒட்டிக்கொண்டிருந்த பக்கக் கன்றைக் கத்தியால் நெம்பினாள் அம்மா. பெரிய வெங்காயம் போல அது கையோடு வந்தது. அதன் இலைகளையெல்லாம் நறுக்கிவிட்டாள்.

"ஐயோ, மொட்டையடிச்சிட்டியே! இனி பிழைக்குமா?"

"வேர் பிடிக்கிற வரைக்கும் இலை அதுக்குப் பாரம். ஒரு வாரம் நிழல்ல காயவிட்டு, மணல் கலந்து பாதி புதைக்கணும். மாசக்கணக்கா அசையாமக் கிடக்கும். செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்டுடக் கூடாது."

"புது இடம் ஒத்துக்கலைன்னா?" மகளின் குரல் உடைந்தது.

"ஒத்துக்கும். அசடு, அழுத மூஞ்சியோடவா ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போறது?"

வாசலில் கார் வந்து நின்றது. நரைத்த தலையைப் படிய வாரிய ஒரு பெரியவர், புதுச் சட்டையில் கூச்சத்தோடு இறங்கினார். மகள் பெட்டியை அவரிடம் கொடுத்தாள்.

"அப்பா போனதுலேருந்து எங்கம்மா தனக்குன்னு எதையும் வாய் திறந்து கேட்டதில்லை. மாசக்கணக்கானாலும் அவசரப்படாதீங்க, சார்."

"இன்னும் என்னடி சார்?" என்று சிரித்தாள் அம்மா.

காகிதத்தில் சுற்றிய கன்றை மடியில் வைத்துக்கொண்டு கல்யாணப் பெண் முன் சீட்டில் ஏறினாள். சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டிய மகள், பின் சீட்டிலிருந்து எட்டி அம்மாவின் கை மண்ணைத் துடைத்துவிட்டாள்.