கழற்றாத காது மெஷின்

கீ...ச்.

ஊசிபோல் மெலிந்த அந்தச் சத்தம் நாலாவது ராத்திரியாக ஹால் பக்கமிருந்து வந்தது.

கணவன் வேலையாக வெளியூர் போனதிலிருந்து இதே கூத்து. முதல் மூன்று ராத்திரி, திருடனோ என்று குழந்தையை அணைத்துக்கொண்டு இவள் நடுங்கினாள். இன்றைக்குப் பயமில்லை. கோபம்தான்.

அது நாத்தனாரின் காது மெஷின். எதன்மீதாவது காதை ஒட்டி வைத்தால் இப்படித்தான் விசிலடிக்கும். காது மெஷின் கடையில் வேலை பார்க்கிற இவளுக்கு இது தெரியாதா? ஆனால் நாத்தனார்தான் ராத்திரியில் அதைக் கழற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தாளே.

"கழட்டிட்டா இடி விழுந்தாலும் எனக்குக் கேக்காது. நீங்க போன்ல நல்லா கொஞ்சிக்கோங்க" என்று கேலி வேறு.

நாலு நாள் முன்பு இவளே மாட்டிவிட்ட புது மெஷின். பேச்சையும் இரைச்சலையும் பிரித்துக் கொடுக்கிற அதன் சிப், எத்தனை மணி நேரம் காதில் இருந்தது என்றும் கணக்கு வைக்கும். இன்று காலை சரிபார்க்க வாங்கிப் போய்க் கடையில் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தாள். ஒரு நாளைக்கு இருபத்திரண்டு மணி நேரம்!

அப்போ ராத்திரியும் காதில்தான். தெருக்கதவுத் தாழ்ப்பாளைக்கூட இவளைத் தொட விடாமல், "நான் பாத்துக்கறேன், நீ போய்ப் படு" என்று விரட்டுவதும் இதற்குத்தானா?

'உங்க அக்கா ராத்திரி பூரா ஒட்டுக் கேக்கறாங்க. வந்ததும் தனி வீடு பாருங்க.' கணவனுக்கு டைப் செய்து வைத்திருந்தாள். அனுப்புவதற்குமுன் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும்.

குழந்தையைக் கிடத்திவிட்டுப் படுக்கையறைக் கதவைப் படாரென்று திறந்தாள்.

யாருமில்லை.

ஹால் விளக்கைப் போட்டாள். தெருக்கதவை அடைத்துப் போட்ட நாற்காலியில் நாத்தனார். மெஷின் மாட்டிய காது கதவுப் பலகையில் அழுந்திக் கிடக்க, தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். தலைக்குமேல் தாழ்ப்பாள் ஒற்றைத் திருகாணியில் தொங்கியது.

வெளிச்சம் பட்டதும் திடுக்கிட்டு விழித்தாள்.

"தம்பி கிளம்பின அன்னிக்கே பிடுங்கிக்கிச்சு. தச்சர் நாளைக்கு, நாளைக்குங்கறார்."

"எங்கிட்ட ஏன் அண்ணி சொல்லலை?"

"பல்லி விழுந்தாலே விடிய விடிய உக்காந்திருப்பே. சொன்னா தூங்குவியா? பகல்ல கடை, ராத்திரி குழந்தை. வெளியே செருப்புச் சத்தம் கேட்டா எனக்குக் கேக்கணுமில்லே, அதான் மாட்டிக்கிட்டேன்."

இவள் போனை எடுத்தாள். டைப் செய்ததை அழித்தாள்.

மறுநாள் கடைக்கு லீவு போட்டு, தச்சரைக் கையோடு அழைத்து வந்தாள்.

அன்று ராத்திரி நாத்தனாரின் காதிலிருந்து தானே மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்தாள். "படுங்க" என்று ஜாடை காட்டினாள்.

பிறகு போய்ப் புதுத் தாழ்ப்பாளை உள்ளேயிருந்து போட்டாள்.